அக்கா தேர்ந்தெடுத்த கோழிகள்

எங்கள் அருமை அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. நினைவுப் பூசைக்கு வந்திருக்கும் உற்றார் உறவினருக்கும் நண்பர்களுக்கும், உடன்பிறந்த தம்பி என்ற முறையில் அவர் வாழ்ந்த விதத்தைச் சிறிது சொல்ல விரும்புகிறேன்.

அக்கா பிறந்தது சாந்தோமில். எங்கள் தகப்பனார் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் வேலை பார்த்தவர். அக்காவை மணந்த அத்தான் ரயில்வேயில் கார்டாக இருந்தார். அடையாற்றுக்குத் தெற்கே, அப்போது தோப்பும் மணலுமாகக் கிடந்த இடத்தில் ஒரு மனை வாங்கி இரண்டு அறை கட்டினார். மூன்றாவது அறைக்குச் சுவர் எழும்பும்போது விஷக்காய்ச்சலில் தவறிவிட்டார். அக்காவுக்கு இரண்டு பெண் குழந்தைகள்.

மனையை விற்றுவிட்டுத் தம்மோடு வந்திருக்கும்படி அத்தானின் தமையனாரான பெரியத்தான் அழைத்தார். அக்கா கோழிப்பண்ணை வைக்கப் போவதாகச் சொன்னார்.

"கோழி வளர்த்தா பொண்ணுங்களைப் படிக்க வைக்கப் போறே?"

"வளர்த்துப் பார்க்கிறேன், பெரியத்தான். சரிப்படலைன்னா உங்க வீட்டுக்கே வந்துடறேன்."

அந்நாளில் பட்டணமெங்கும் சீமைக் கோழி மோகம். வெள்ளை லெகார்ன் ஆண்டு முழுவதும் முட்டையிடும் என்று படித்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். பெரியத்தானும் கடைசியில் மனம் இளகி, வளர்ப்பதானால் அதையே மொத்தமாக வாங்கு என்றார். அக்கா இசையவில்லை. லெகார்னில் சில, ரோட் ஐலண்ட் என்னும் சிவப்புக் கோழியில் சில, நாட்டுக்கோழியில் சில என வாங்கித் தனித்தனித் தட்டிக்குள் விட்டார். திருவல்லிக்கேணியிலிருந்து முட்டையும் கோழியும் கொள்முதல் செய்ய வரும் காதர் பாய்க்கு இது வேடிக்கையாக இருந்தது.

"இன்னாமா, ஊரே வெள்ளைக்கோழிதான் பேசிக்கினு கீது. நீங்க மூணு ஜாதியும் வச்சிக்கினு இன்னா பண்ணப்போறீங்க?"

"ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் போகட்டும், பாய். எது நம்ம ஊரைத் தாங்குதுன்னு பார்த்துட்டுச் சொல்றேன்."

லெகார்ன் முட்டையிட்டது உண்மைதான். ஆனால் அடைகாக்கத் தெரியவில்லை. கத்திரி வெயிலில் வாயைப் பிளந்து இளைத்து ஒவ்வொன்றாகச் சாய்ந்தது. சிவப்புக் கோழி அதைவிடத் தாங்கியது, உடம்பும் கனம். நாட்டுக்கோழி இட்டது குறைவு, ஆயினும் பொரித்த குஞ்சைக் காக்கையும் கீரியும் அண்டாமல் காத்தது. ஐப்பசி மழை ஓய்ந்ததும் அக்கா முடிவு செய்தார். சிவப்புச் சேவலை நாட்டுப் பெட்டைகளோடு விட்டு, அவற்றின் வழியில் வரும் கோழிகளையே வளர்ப்பது என்று.

அந்தக் கோழிகளின் முட்டை பழுப்பு நிறம். பங்களாக்களிலிருந்து வந்த பட்லர்கள் துரைசானிகளுக்கு வெள்ளை முட்டைதான் வேண்டும் என்று திரும்பிப் போனார்கள். மறுமுறை ஒருவர் வந்தபோது அக்கா ஒரு முட்டையை உடைத்துத் தட்டில் விட்டுக் காட்டினார். "முட்டை ஓட்டையா சாப்பிடப் போறாங்க? மஞ்சளைப் பாருங்க." அவர் சிரித்துக்கொண்டே ஒரு கூடை வாங்கிப் போனார். பிறகு அவரே மற்றவர்களையும் அழைத்து வந்தார்.

பண்ணை நிலைபெற்ற பிறகுதான் பெரிய சோதனை வந்தது. பட்டணத்துக் கோழிகளிடையே கொள்ளைநோய் பரவி, அக்காவின் தட்டிகளுக்குள்ளும் புகுந்தது. காலையில் இரை பொறுக்கிய கோழி மாலையில் கழுத்தைத் திருகிக்கொண்டு விழும். செய்தி அறிந்து ஒரு வியாபாரி வந்தார். இன்னும் நிற்கின்ற கோழிகளை அப்படியே எடுத்துக்கொள்வதாகவும், அன்றைக்கே சந்தையில் தள்ளிவிடுவதாகவும் சொன்னார். பெரியத்தான் உடனிருந்தார்.

"நிக்கிறதையாவது குடுத்துடும்மா. எல்லாம் போயிட்டா பிள்ளைங்க கதி என்ன?"

அக்கா தட்டிக்குள் நின்றிருந்த கோழிகளை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார். பிறகு, "இதை ஒருத்தி வாங்கிப் போய்த் தன் வீட்டுக் கோழியோட விடுவா, பெரியத்தான். அவளுக்கும் பிள்ளைங்க இருக்கும்" என்றார். வியாபாரியை அனுப்பிவிட்டு, குழி வெட்டச் சொல்லி, செத்தவற்றைச் சுண்ணாம்பு கொட்டித் தம் கையாலேயே புதைத்தார். நோயில் தப்பியவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். அவை கலப்பில் பிறந்த பெட்டைகள்.

பெரியத்தான் அதன்பின் மனையை விற்கும் பேச்சை எடுக்கவே இல்லை. நோய் முற்றிலும் அடங்கியபின் காதர் பாய் ஒரு கூடை நாட்டுக்கோழியைக் கொண்டுவந்து இறக்கினார்.

"வச்சிக்கங்கமா. நீங்க அன்னிக்கு வித்திருந்தா என் கடைக்குத்தான் வந்திருக்கும் அந்த நோவு."

அந்தக் கூடையும் தப்பிய பெட்டைகளுமாக அக்கா மீண்டும் தொடங்கினார். தாங்கியவற்றின் முட்டையை மட்டுமே அடைவைத்தார். சில ஆண்டுகளில் பண்ணை முன்னிலும் செழித்தது. பெண்கள் இருவரும் படித்தார்கள். மூத்தவள் இன்று பள்ளி ஆசிரியை. கணவனை இழந்து நிற்கும் பெண் யார் வந்து கேட்டாலும் ஓர் அடைக்கோழியையும் குஞ்சுகளையும் கொடுத்தனுப்புவது அக்காவின் வழக்கம். சாந்தோம் குப்பத்திலும் சிந்தாதிரிப்பேட்டைச் சந்துகளிலும் அக்காவின் சிவப்புக் கோழிகள் இன்றும் மேய்கின்றன.

சென்ற ஆண்டு இருதய நோயால் படுத்தவர் பின்பு எழவில்லை. பெண்களையும் பேரனையும் அருகில் வைத்துக்கொண்டு அமைதியாகக் கண் மூடினார்.

நோயில் இராப்பகல் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும், தாதியருக்கும், கல்லறையில் இறுதி மந்திரிப்புச் செபம் நடத்திய பங்குச் சுவாமியவர்களுக்கும், தள்ளாத வயதிலும் கல்லறைவரை நடந்துவந்த பெரியத்தானுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அடக்கம் முடியும்வரை பண்ணைப் பக்கம் போக எங்களில் எவருக்கும் நினைவில்லை. கல்லறையிலிருந்து திரும்பியபின் பதறிப்போய்ப் பார்த்தேன். தீனியும் தண்ணீரும் வைத்து, தட்டிகளைப் பெருக்கிவிட்டு, காதர் பாய் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"துக்கம் நமக்குத்தானே நைனா. அதுங்களுக்குப் பசிக்குமே" என்றார்.