எபினேசரின் இடுப்பும் மேரியின் போர்டும்

கும்மிடிப்பூண்டியில் எபினேசர் வீடு எது என்று கேட்டால் யாரும் சட்டென்று சொல்லிவிட மாட்டார்கள். இரும்பு மில்லில் கிரேன் ஓட்டுகிற எபினேசர் என்றாலும் தலையைச் சொறிவார்கள். சாவு ஊர்வலத்தில் தொப்பையை மட்டும் ஆட்டுவாரே அந்த எபினேசர் என்று கேட்டுப் பாருங்கள். "அட, டெய்லர் மேரி ஊட்டுக்காரு" என்று கூடவே நடந்து வந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள்.

அந்த ஆட்டம் லேசுப்பட்டதல்ல. தெருமுனை தாண்டி மேளம் சூடேறியதும் பையன்களெல்லாம் கையைக் காலை வீசிக் குதித்துக்கொண்டிருப்பார்கள். எபினேசர் மட்டும் நடுரோட்டில் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். தோள் அசையாது, கால் அசையாது. தொப்பை மட்டும் மேளக்காரர் சொன்னதையெல்லாம் கேட்டு ஆடும். எதிரே வருகிற லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்க மறந்துவிடுவார்கள். செத்தவர் வீட்டார் யாரும் இதுவரை வருத்தப்பட்டதாகத் தகவல் இல்லை.

ஊரே பார்த்த இந்த ஆட்டத்தைப் பார்க்காத ஒரே ஆள் மேரிதான். இறுதி ஊர்வலத்தில் பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிடுவார்கள். எபினேசருக்கு இடுப்பு விழிப்பதே தெருமுனைக்கு அப்புறம்தான். கல்யாணமான நாளிலிருந்து மேரி தன் புருஷனின் புகழைக் காதால் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். அதையும் ரொம்ப ரசித்துக் கேட்டதாகச் சொல்ல முடியாது.

இப்படி ஓர் ஊர்வலத்தில் ஸ்கூட்டியோடு மாட்டிக்கொண்டவள் பூமிகா. பஜாரில் செல்போன் கடை மாடியில் பெல்லி டான்ஸ் வகுப்பு நடத்துகிற பெண். சிப்காட் கம்பெனிகளில் வேலை செய்கிற பெண்கள் ஷிஃப்ட் முடிந்து நேராக அவளிடம்தான் போவார்கள். மறுநாளே எபினேசரைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"அண்ணா, நான் மெட்ராஸ் போய் காசு கட்டி, முட்டி தேயத் தேயக் கத்துக்கினேன். அத நீங்க நடு ரோட்ல சும்மா ஆடிக்கினு கீறீங்க. எங்க குரூப்ல வந்து சேருங்க."

எபினேசர் சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர்தான். கிறிஸ்துமஸ் வருவதற்குள் அந்தக் கூட்டத்தில் ஒருவராகிவிட்டார். தன்னில் பாதி வயதுள்ள பூமிகாவை "மாஸ்டர்" என்று வாய் நிறையக் கூப்பிட்டார். பெண்கள் அவரை அண்ணன் என்றார்கள், அவர் இடுப்பைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். பொங்கல் கழிந்து மில்லின் குடும்ப விழா வரவிருந்தது. அதில் பூமிகா குரூப்பின் நடனம் உண்டு என்றும், எபினேசர் நட்ட நடுவில் ஆடுவார் என்றும் முடிவானது.

முடிவான அன்று அவர் வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், மேரியிடம் விஷயத்தைச் சொன்னார். தையல் மெஷின் நின்றது.

"நீ முன்னாடி வரிசைல உக்காந்து பாக்கணும்" என்றார்.

"இன்னா டிரஸ் போட்டுக்கினு ஆடப்போற?"

"இன்னும் முடிவாவல."

"டிரஸ்ஸ கண்ணால பாத்துட்டு, வருவனா மாட்டனான்னு சொல்றன்" என்று மேரி மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள்.

மில்லே கைதட்டினாலும் மேரி வராவிட்டால் ஆடுவதில் அர்த்தமில்லை என்று எபினேசருக்குத் தோன்றியது. இத்தனை பேர் பார்த்ததை அவள் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அது பெரிய ஆசையாக அவர் நெஞ்சுக்குள் உட்கார்ந்துகொண்டது.

பிறகு ஆரம்பித்தது பேஜாரு. பூமிகா போனில் வெளிநாட்டு ஆண்கள் ஆடுகிற படங்களைக் காட்டினாள். ஒருவர் மேல்சட்டையே போடவில்லை. இன்னொருவர் பொத்தானில்லாத குட்டிச் சட்டை மாட்டி, கணுக்காலில் சுருக்கிய தொளதொளப் பேன்ட் போட்டிருந்தார். எல்லாருக்கும் வயிறு இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. எபினேசர் தன் வயிற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

வகுப்புப் பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். பெரியபாளையத்தில் ஆடி மாசம் ஆம்பளைங்க வேப்பிலை கட்டி, திறந்த உடம்போடு கோயிலைச் சுற்றவில்லையா, யார் என்ன சொன்னார்கள் என்றது ஒரு கட்சி. அம்மனுக்கு முன்னால் ஆடுவதும் எச்.ஆர். மேனேஜருக்கு முன்னால் ஆடுவதும் ஒன்றா என்றது மறு கட்சி. கடைசியில் குட்டிச் சட்டையும் தொளதொளப் பேன்ட்டும் என்று பூமிகா தீர்ப்புச் சொன்னாள். இடுப்பில் கட்ட, காசு கோத்த துணியைச் சௌகார்பேட்டையில் எல்லாருக்கும் சேர்த்து வாங்கி வந்தாள். எபினேசருக்கு மட்டும் இரண்டு துணியை முடிந்து ஒன்றாக்க வேண்டியிருந்தது.

இனி தைக்க வேண்டியதுதான் பாக்கி. பெண்களுக்கு அதில் கஷ்டமே இல்லை. எல்லாரும் அளவு ஜாக்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேரியிடம்தான் வந்தார்கள். அளவு ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்துவிட்டால் மேரிக்கு டேப்பே வேண்டாம். வரிசையில் கடைசியாக எபினேசரும் போய் நின்றார்.

மேரி நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த கத்தரிக்கோலால் வாசலுக்கு மேலே காட்டினாள். "போர்டுல இன்னா எழுதிக்கீதுன்னு படிச்சிட்டு வா."

அதைப் படிக்க அவர் வெளியே போக வேண்டியதில்லை. எழுதியவரே அவர்தான். மேரி மெஷின் போட்ட புதிதில், ஒரு பையன் பேன்ட் குறைக்க வந்து, டேப்புக்கு முன்னால் இளித்துக்கொண்டு நின்றான். ஷிஃப்ட் முடிந்து வந்த எபினேசர் அதைப் பார்த்தார். மறுநாள் மில்லிலிருந்து மிச்சமான மஞ்சள் பெயின்ட்டைக் கொண்டுவந்து, "மேரி டெய்லர்" என்பதற்குக் கீழே "பெண்களுக்கு மட்டும்" என்று தன் கையாலேயே எழுதிவிட்டார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறாரோ இல்லையோ, அந்த வரிக்கு மட்டும் மறக்காமல் ஒரு பூச்சு கொடுப்பார். இந்தத் தடவையும் கொடுத்திருந்தார். எழுத்து பளபளவென்று இருந்தது.

"நான் உன் புருசன்" என்றார் எபினேசர்.

"ஆம்பளதான?" என்றாள் மேரி. வரிசையில் நின்ற பெண்கள் கதவைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ரோஷம் பொத்துக்கொண்டு வர, அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற ஆதிநாராயணன் கடைக்குப் போனார். சிப்காட்டில் பாதிக் கம்பெனிக்கு யூனிபார்ம் தைத்துக் கொடுக்கிற ஜென்ட்ஸ் டெய்லர் ஆதிநாராயணன். அவர் போனில் படத்தைப் பார்த்தார். எழுந்து போய்க் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு வந்து, மறுபடியும் பார்த்தார்.

"இது லேடீஸ் வேலை நைனா. உன் ஊட்லயே டெய்லர் கீறாங்களே?"

"அங்க ஆம்பளைக்குத் தைக்க மாட்டாங்க."

"இங்க இந்த மாதிரி ஆம்பளைக்குத் தைச்சதில்ல" என்றார் ஆதிநாராயணன். ஆனாலும் பழகின மனுஷன். "சரி, அளவுக்கு ஒரு சட்டை பேன்ட் குட்த்துட்டுப் போ."

அளவுக்கு என்று எபினேசரிடம் இருந்தது மில் யூனிபார்ம்தான். அதையே கொடுத்தார். பளபளக்கிற ஊதாத் துணியையும் கொடுத்தார். நாள் நெருங்க நெருங்க மேரி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எபினேசரும் வீம்புக்குச் சொல்லவில்லை.

கடைசி ஒத்திகையில் அவர் திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றார். ஆதிநாராயணன் யோக்கியமான தொழிலாளி. கொடுத்த அளவை நூல் பிசகாமல் இறக்கியிருந்தார். ஊதா சாட்டினில் காலர் வைத்த சட்டை. நெஞ்சில் பேனா சொருக மூடி போட்ட பாக்கெட். அடையாள அட்டை மாட்ட ஒரு வளையம். இரவு ஷிஃப்டில் லாரிக்காரர் கண்ணுக்குத் தெரிவதற்கென்று முதுகில் ஒளிரும் பட்டை. பேன்ட்டுக்கு மடிப்பு வைத்து இஸ்திரி வேறு போட்டுக் கொடுத்திருந்தார்.

"பட்டை எதுக்குண்ணா?" என்றாள் பூமிகா.

"அளவுல இருந்துதாம் மாஸ்டர்."

பாட்டைப் போட்டார்கள். எபினேசர் கையைத் தூக்கிக் கண்ணை மூடினார். உள்ளே தொப்பை ஆடிக்கொண்டுதான் இருந்தது, வெளியே சட்டைதான் தெரிந்தது. மேளம் ஏறியபோது நடுப் பொத்தான் ஒன்று பிய்த்துக்கொண்டு போய்க் கண்ணாடியில் பட்டது. பெண்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள்.

பூமிகா பாட்டை நிறுத்தினாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "ண்ணா, சூப்பர்வைசர் வந்து எங்களை வேலை வாங்குற மாதிரி கீது. ஆடுறதே வயிறு, அதப் பொட்டில போட்டுப் பூட்டிக்கினா எப்பிடி? நாளைக்கு விழாவுக்குள்ள வேற டிரஸ் வந்தா நடுவுல ஆடுங்க. இல்லன்னா மன்னிச்சிக்குங்க, ஸ்பீக்கர் பக்கத்துல நின்னு ஒயரப் பாத்துக்குங்க."

எபினேசர் ஊதாச் சட்டையோடே வீட்டுக்கு நடந்தார். பெரியவர் ஒருத்தர், புது கம்பெனியா தம்பி என்று விசாரித்தார். எபினேசர் நடையை எட்டிப் போட்டார். மேரி இந்தச் சட்டையைப் பார்த்தால் விழாவுக்கு வருவதிருக்கட்டும், தெருமுனைகூட வரமாட்டாள் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

விடிந்ததும் மேரி கண்டது, வாசலில் ஸ்டூல் மேல் நிற்கிற புருஷனைத்தான். கையில் பிரஷ், பக்கத்தில் பெயின்ட் டப்பா. இத்தனை வருஷமாகப் பூச்சு மேல் பூச்சாக ஏறியிருந்த "பெண்களுக்கு மட்டும்" மேல் பச்சை பெயின்ட்டை இழுத்துக்கொண்டிருந்தார். மஞ்சள் லேசில் மறையவில்லை. திரும்பத் திரும்ப அடித்தார். மேரி பார்த்துவிட்டு உள்ளே போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள்.

எபினேசர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, மற்ற பெண்கள் நிற்கிற இடத்தில் நின்றார்.

"எனக்கு ஒரு டிரஸ் தைக்கணும்."

"அளவுக்கு இன்னா கொண்ணாந்த?"

"ஒன்னும் இல்ல. ஆளுதான் வந்துக்கிறன்."

மேரி கழுத்திலிருந்து டேப்பை உருவினாள். ஊருக்கெல்லாம் தைத்தவள், கட்டின புருஷனுக்கு அளவெடுப்பது அதுதான் முதல் தடவை. தோள், மார்பு என்று எடுத்துக்கொண்டு வந்து இடுப்பில் டேப்பைச் சுற்றினாள். எபினேசர் பழக்க தோஷத்தில் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"வுடு" என்றாள் மேரி.

அவர் கொஞ்சம் விட்டார்.

"முழுசா வுடுயா. ஆடும்போதும் இழுத்துப் புடிச்சிக்கினா ஆடுவ?"

எபினேசர் மூச்சை விட்டார். தொப்பை பழைய இடத்துக்கு வந்து நின்றது. மேரி டேப்பைத் தளர்த்திக் கொடுத்தாள்.

"இத மறைக்கிற மாதிரி ஏதாவது..." என்று இழுத்தார்.

"இன்னாத்துக்கு மறைக்கணும்? சோறு போட்டு வளத்தது நானு. நல்லாப் பாக்கட்டும்."

அவளுடைய கோபம் டிரஸ்ஸைப் பற்றியது அல்ல என்று எபினேசருக்கு அப்போதுதான் உறைத்தது. மாஸ்டரைக் கேட்டார், வகுப்பைக் கேட்டார், ஆதிநாராயணனைக் கேட்டார். சுற்றிச் சுற்றி வந்து கடைசியில்தான் வீட்டு மெஷின் முன்னால் நிற்கிறார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"அப்ப விழாவுக்கு வருவியா?"

"தச்சவ வராம? நடுவுல பிரிஞ்சா யாரு போட்டுக் குடுக்கிறது?"

சாயங்காலம் டிரஸ் தயாராக இருந்தது. கரும்பச்சையில் பொத்தானில்லாத குட்டிச் சட்டை, ஓரமெல்லாம் ஜரிகை. அகலப் பட்டை வைத்து, கீழே சுருக்கிய தொளதொளப் பேன்ட். நடுவில் எபினேசர் எந்த மறைவுமில்லாமல் இருந்தார். பூமிகா பார்த்துவிட்டு அவர் கையைப் பிடித்து நடுவில் நிறுத்தினாள்.

திரை விலகியதும் மில்காரர்கள் சிரித்தார்கள், விசில் அடித்தார்கள். மேளம் ஏறியதும் சிரிப்பு நின்றுபோனது. எபினேசர் எப்போதும் கண்ணை மூடிக்கொண்டுதான் ஆடுவார். அன்று நடுவில் திறந்து பார்த்தார். முன் வரிசையில் மேரி உட்கார்ந்திருந்தாள். முந்தானையில் ஊசியும் பச்சை நூலும் குத்தியிருந்தது. அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, இடுப்புப் பட்டையை மட்டும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் கீழே அவள் கால், மெஷின் மிதிக்கிற மாதிரி, தாளம் தப்பாமல் போய்க்கொண்டிருந்தது. எபினேசருக்கு அவ்வளவு சந்தோஷம் அதுவரை வந்ததில்லை. அதற்கப்புறம் அவர் ஆடிய ஆட்டத்தில் காசு கோத்த துணிகளின் முடிச்சு அவிழ்ந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை.

முடிந்து இறங்கி வந்ததும் வியர்வையைத் துடைக்காமல் மேரியிடம்தான் போனார்.

"எப்பிடி ஆடுனன்?"

மேரி குனிந்து இடுப்புப் பட்டையை இழுத்துப் பார்த்தாள். "தையல் நின்னுச்சு" என்றாள்.

அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு எபினேசர் ஒரு வாரம் மிதந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்தபோது வாசலில் இரண்டு மூன்று பைக் நின்றது. உள்ளே மில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள், அக்குளில் துணிப் பொட்டலம். முதலாவதாக நின்றவர் சூப்பர்வைசர் துளசிராமன். கையை அகல விரித்துக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக, மேரியின் டேப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"எபினேசரு, இவ்ளோ நல்லா தைப்பாங்கன்னு சொல்லவே இல்லயே" என்றார்.

எபினேசர் சிரித்து வைத்தார். பிறகு மெள்ளப் பின்கட்டுக்குப் போய், சாமான்களை உருட்ட ஆரம்பித்தார்.

முன்னறையிலிருந்து மேரியின் குரல் வந்தது. "மஞ்ச பெயின்ட்டத்தான தேடுற? அத நேத்தே பக்கத்து ஊட்டு ரகுவுக்குக் குடுத்துட்டன். ஜன்னலுக்கு அடிக்கணுமாம். நீ வந்து இந்த அளவ எழுதிக்கோ."