ரேணுகாம்பாள் திருப்பிப் பார்ப்பார்

கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் பெண் யார், பிள்ளை யார் என்று பார்க்க மாட்டார். திருப்பிப் போட்டு, அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சகத்தின் பெயரைத்தான் முதலில் படிப்பார். "இந்த பிரஸ்ஸா? அப்போ முகூர்த்த டயத்த வாயால ஒருவாட்டி சொல்லிடும்மா" என்பார். கொடுத்தவர் முகம் சுண்டிப் போகும். அதைக் கவனிக்க ரேணுகாம்பாளுக்கு நேரம் இருக்காது. யாரோ மேசையில் வைத்துவிட்டுப் போன பிரசாதப் பொட்டலத்தைப் பிரித்து, அது எந்தத் தேதிப் பேப்பர் என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

காஞ்சிபுரத்தில் எங்கள் பெண்கள் பள்ளியின் நூலகர். பக்கத்துக் கிராமமான கூரத்திலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வருகிறார். நான் இங்கே கணக்கு டீச்சர். பள்ளியில் மின்விசிறி ஒழுங்காக ஓடும் ஒரே அறை நூலகம் என்பதால் அவரை எனக்கு நன்றாகத் தெரியும்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் சங்கத்தில் ஆறு வருஷம் புடவை சரிபார்த்தவர். முந்தானையைப் பார்த்து மயங்காமல், புடவையை உள்பக்கம் திருப்பி, கரையும் உடலும் சேரும் இடத்தில் விரலை ஓட்டும் வேலை. தபாலில் நூலக அறிவியல் படித்து இங்கே வந்த பிறகும் விரல் அடங்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையின் புகைப்படம் வந்தபோது அதையும் திருப்பினாராம். பின்னால் ஸ்டூடியோ முத்திரையும் தேதியும். "நாலு வருசத்துக்கு முந்தி புடிச்சது. அதுக்குள்ள எவ்ளோ முடி கொட்டிச்சோன்னு எங்கம்மாகிட்ட சொன்னேன்." நிறையவே கொட்டியிருந்தது. கேட்டதும் மனுஷர் மறைக்காமல் ஒத்துக்கொண்டார் என்பதற்காகவே கட்டிக்கொண்டார்.

முன்னாள் மாணவிகள் புண்ணியத்தில் போன வருஷம் நூலகத்துக்கு ஒரு கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் வந்தன. பள்ளிக்கு இருப்பதோ ஒரே டெலிபோன் லைன். நூலகத்தில் இன்டர்நெட் ஓடினால் தலைமையாசிரியை அறையில் போன் ஊமையாகிவிடும். "ரேணுகா, கொஞ்சம் லைனை விடுங்கோ, டி.இ.ஓ. ஆபீஸுக்குப் பேசணும்" என்று பெருந்தேவி அம்மாள் ஜன்னல் வழியாகக் கெஞ்சுவார். தலைமையாசிரியை கெஞ்சுவதை நாங்கள் பார்த்தது இந்த ஒரு விஷயத்தில்தான். "ரெண்டே நிமிசம்மா, பாதிப் பக்கம் வந்துக்கினு இருக்குது" என்பார் இவர். அந்த இரண்டு நிமிஷத்தில் ஒரு பீரியட் போய்விடும்.

முதல் மாதமே ஊருக்குள் கடல் வந்தது. ஒன்பதாம் வகுப்பில் நமது ஊரைப் பற்றி ஒரு புராஜெக்ட். நாற்பத்திரண்டு பேரில் முப்பத்தொன்பது பேர் காஞ்சிபுரத்தில் அழகிய கடற்கரை இருக்கிறது என்று எழுதி, நீலக் கிரயானில் அலையும் போட்டிருந்தார்கள். மீதி மூவர் நோட்டே வைக்கவில்லை. அத்தனை பேரும் பிறந்ததிலிருந்து இந்த ஊரை விட்டு நகராத பிள்ளைகள்.

"ஏம்மா, பாலாத்துலயே தண்ணி இல்ல. கடலு எங்கேருந்துமா வந்துச்சு?" என்று கேட்டார் ரேணுகாம்பாள்.

"நெட்ல போட்டிருக்குது மிஸ்" என்றாள் ஏலவார்குழலி. வகுப்பில் முதல் ராங்க்.

அந்தப் பக்கத்தை ரேணுகாம்பாள் பிடித்துவிட்டார். ஊர் பெயரைத் தேடினால் முதலில் வந்து நிற்பதே அதுதான். மேலே கோபுரப் படம். காலையில் பட்டு வாங்குங்கள், மாலையில் கடற்கரையில் காற்று வாங்குங்கள் என்று ஆங்கிலத்தில் உபசாரம். கடைசி வரி வரை இறங்கிப் பார்த்தவர் என்னை மட்டும் கூப்பிட்டுக் காட்டினார். அடியில் ஒரு பட்டுக்கடையின் பெயர். உரிமையாளர் வேணுகோபால். எங்கள் பள்ளியின் தாளாளர். எனக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே பயமும் வந்தது.

"யாருகிட்டயும் சொல்லாதம்மா. மெட்ராஸ்ல எவனோ எழுதிக் குடுத்திருப்பான், அவரு கண்ணால கூட பாத்திருக்க மாட்டாரு" என்றார்.

அன்றிலிருந்து பிள்ளைகளுக்குச் சட்டம் போட்டார். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதலில் அடிக்குப் போக வேண்டும். "மேல இருக்கறது முந்தானிமா. அத எவன் வேணா பளபளன்னு காட்டுவான்." யார் எழுதியது, எப்போது, எதைப் பார்த்து. அச்செடுத்த தாளின் பின்பக்கம் இந்த மூன்றையும் பென்சிலால் எழுத வேண்டும். பெயர் இல்லாத தாளெல்லாம் 'அனாமத்து' என்று ஒரு ஃபைலுக்குப் போகும். அது இப்போது தலையணை பருமன். வியாதி என் வகுப்புக்கும் பரவிவிட்டது. "இந்த ஃபார்முலாவ யாரு மிஸ் கண்டுபுடிச்சது, எந்த வருசம்?" என்று கேட்கிறார்கள். இருபது வருஷமாக நடத்துகிறேன், எனக்குத் தெரியாது. மறுநாள் நானும் நூலகத்தில் போய் வரிசையில் நின்றேன்.

தாளாளரின் பக்கத்தை மட்டும் பிள்ளைகளை அடிவரை இறக்க விடமாட்டார். "அத விடும்மா, அடுத்தத பாரு" என்பார். "ஊருக்கெல்லாம் திருப்பிப் பாருன்னு சொல்லிக்கினு, இத மட்டும் மூடி வெச்சிருக்கேன். உறுத்துதும்மா" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

போன திங்கட்கிழமை தாளாளர் மத்தியானம் பூராவும் பள்ளிக்குப் போன் போட்டிருக்கிறார். பூராவும் எங்கேஜ். புதன்கிழமை நேரிலேயே வந்து நின்றார். "நாலு பொண்ணுங்க பொம்ம பாக்கறதுக்கா லைன அடைச்சிக்கினு இருக்கீங்க? இன்னிக்கே புடுங்கிடலாம்." பெருந்தேவி அம்மாள் அதற்குள் இரண்டு தரம் தலையாட்டிவிட்டார்.

ரேணுகாம்பாளின் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் பாடப்புத்தகம் தவிர வேறு புத்தகம் கிடையாது. இவர் வளர்ந்த வீட்டில் அதுவும் இருந்ததில்லை. "ஒருவாட்டி பாத்துட்டு புடுங்குங்க சார்" என்றார்.

"சரி, நம்ம ஊரப் பத்திப் போடு, பாக்கலாம்" என்றார் தாளாளர்.

ஏலவார்குழலி தட்டினாள். முதலில் வந்ததை அவரே விரலால் தொட்டுக் காட்டி, இதைத் திற என்றார். கோபுரம் மெல்ல மெல்ல இறங்கியது. அவர் உரக்கப் படித்தார். நடுவில் நிறுத்தி, வயிறு குலுங்கச் சிரித்தார். "கடற்கரையா! எந்த முட்டாப்பய எழுதினான் இத?"

"கீழ பேரு போட்டிருக்கும் சார், பாத்துடலாம்" என்ற ஏலவார்குழலி, உத்தரவுக்காக ரேணுகா மிஸ்ஸைப் பார்த்தாள்.

வேண்டாம் என்று நான் கண்ணைக் காட்டினேன். டெலிபோன் ஒயர் ரேணுகாம்பாளின் காலடியில்தான் கிடந்தது. லேசாக இடறினால் போதும். லைன் தானாகவே தினம் பத்து தரம் போவதுதான், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அவரும் அந்த ஒயரை ஒரு கணம் பார்த்தார்.

பிறகு காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, மூலையிலிருந்த நாற்காலியைக் கொண்டுவந்து தாளாளருக்குப் பின்னால் போட்டார். "நின்னுக்கினு பாக்காதீங்க சார், உக்காருங்க" என்றார். அவர் உட்கார்ந்ததும், ஏலவார்குழலியின் கைமேல் தன் கையை வைத்து, பக்கத்தைக் கடைசி வரி வரை கீழே இறக்கினார்.