செவ்வாயில் நின்றுபோன கம்ப்யூட்டர்

காளீஸ்வரி கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தவள். ஜாதகத்தில் துளியும் நம்பிக்கை இல்லாதவள். தொண்ணூற்றெட்டில் கோவில்பட்டியில் அவளுக்கு வேலை கொடுத்ததோ, பேருந்து நிலையத்துக்கு எதிரே குருசாமி நடத்திய கம்ப்யூட்டர் ஜாதகக் கடை. வேறு எவன் கொடுத்தான்?

முதலில், பொத்தானைத் தட்டியதுமே திரையில் பொருத்தம் வந்து நின்றது. ஒருவரும் நம்பவில்லை. "முன்னாலயே எழுதி வச்சதக் காட்டுதியா?" என்றார்கள். முடிவு கொஞ்சம் தாமதமாக வரும்படி செய்தாள். வெறும் கறுப்புத் திரையைப் பார்த்துவிட்டு, "கரண்டு போச்சா?" என்று கத்தினார்கள். அப்புறம்தான் ஒன்பது பொட்டுகளை ஒவ்வொன்றாக எரியவிட்டு, பக்கத்தில் கிரகங்களின் பெயரைப் போட்டாள். தாமதம் அதே தாமதம்தான். ஆனால், "சட்டுனு வந்துட்டுதே!" என்று மெச்சினார்கள். சனி எரியும்போது செருப்பைக் கழற்றியவர்களும் உண்டு.

ஒருநாள் புதூரிலிருந்து மாடத்தி என்ற பெண் அப்பாவோடு வந்தாள். தோஷம் என்று சொல்லி இரண்டு வரன்கள் அவளை ஏற்கெனவே தட்டிக் கழித்திருந்தன. மூன்றாவது வரனான பரமசிவன், அம்மா முத்துத்தாயோடு எதிரே உட்கார்ந்திருந்தான்.

சூரியன் எரிந்தது. சந்திரன் எரிந்தது. செவ்வாய் எரிந்து, அப்படியே நின்றுவிட்டது.

முத்துத்தாய் எழுந்தாள். "ஏலே, கெளம்பு. செவ்வாய் நகர மாட்டேங்கு."

"மிஷின்தாம்மா நின்னுபோச்சு. அது செவ்வாயே இல்ல, நான் போட்ட செவப்புப் பொட்டு" என்றாள் காளீஸ்வரி. குருசாமி அவளை முறைத்தார்.

"மத்தவியளுக்கு நிக்காதது இவளுக்கு மட்டும் ஏன் நிக்கி?" என்றாள் முத்துத்தாய்.

காளீஸ்வரி மிஷினை அணைத்துப் போட்டாள். பொட்டுகளை எடுத்துவிட்டு ஓட்டினாள். இமைப்பதற்குள் வந்தது: பொருத்தம் உத்தமம்.

முத்துத்தாய் உதட்டைப் பிதுக்கினாள். "இம்புட்டு வெரசா வந்தா அது எப்படி நெசமா இருக்கும்?"

மாடத்தியின் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மாடத்தி பரமசிவனைப் பார்த்தாள். "நீங்க என்ன சொல்லுதீங்க?"

பி.எஸ்ஸி. படித்த பரமசிவன் அம்மாவைப் பார்த்தான். பிறகு மின்விசிறியைப் பார்த்தான்.

மாடத்தி காளீஸ்வரியிடம் திரும்பினாள். "ஏக்கா, இவியளுக்கும் ஒம்பது பொட்டு போட்டு விடேன். வாயத் தொறக்க எம்புட்டு நேரம் ஆகும்னு தெரிஞ்சா உக்காந்திருப்பேன்."

குருசாமியே சிரித்துவிட்டார்.

"வாங்கப்பா, பஸ்ஸு போயிரும்" என்று சொல்லிக்கொண்டே மாடத்தி படியிறங்கினாள். அப்பா சற்றுத் தயங்கினார். பிறகு மேசைமேல் கிடந்த அவள் ஜாதகத்தை எடுக்காமலே மகளுக்குப் பின்னால் நடந்தார்.