இரண்டு பேர் ஏறும் விமானம்

என் அக்காவின் கணவர் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் விமானம் விற்கப் புறப்பட்டார். அதற்கு முன் மிக்ஸி விற்றார். அதற்கும் முன் தண்ணீர் சுத்தம் செய்யும் பெட்டி விற்றார். வாங்க வந்தவர்களைப் பேச விடாமல் தானே பேசித் துரத்தியதுதான் இரண்டிலும் அவர் கண்ட சாதனை. அப்படிப்பட்ட அத்திம்பேரை நம்பி வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று தன் விமானங்களைத் தென்னிந்தியாவில் விற்கும் பொறுப்பைக் கொடுத்தது என்றால், அந்தக் கம்பெனியின் லட்சணம் என்னவாக இருக்கும் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

விமானம் என்றதும் ஜன்னலும் பணிப்பெண்ணும் கற்பனை செய்ய வேண்டாம். இது ட்ரைக் என்கிற வகை. மூன்று சக்கரம் வைத்த குழாய்ச் சட்டம், அதில் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு இருக்கை, பின் இருக்கைக்கும் பின்னால் எஞ்சின், அதன் முதுகில் மரத்தாலான விசிறி. தலைக்கு மேலே முக்கோணத் துணி இறக்கை. சட்டம் முழுவதும் அந்த இறக்கையிலிருந்து ஊஞ்சல் மாதிரி தொங்கும். முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவர் கையில் ஒரு குறுக்குக் கம்பி இருக்கும். அதை மார்புக்கு இழுத்தால் வேகம், முன்னே தள்ளினால் ஏற்றம். முதல் வண்டியைப் பெட்டியோடு இறக்கிவைத்த வேன் டிரைவர் விளம்பரப் படத்தைப் பார்த்துவிட்டு, “இன்னா சார், ஆட்டோவுக்கு ரெக்கை கட்டிகினு வந்துகீறீங்க, மீட்டர் கீதா?” என்று கேட்டார். இந்த வியாபாரத்தைப் பற்றி என் காதில் விழுந்த ஒரே நியாயமான கேள்வி அதுதான்.

அதில் பல ரகங்கள். “இது ஒரு குடும்பம்” என்பார் அத்திம்பேர். சின்ன எஞ்சின் வைத்தவன் மூத்தவன், பெரிய எஞ்சின் அடுத்தவன், கண்ணாடியும் மூக்கும் வைத்தவன் செல்லப்பிள்ளை. பூச்சிமருந்து தெளிக்கத் தொட்டி கட்டிய ஒன்றும், தண்ணீரில் இறங்க மிதவை கட்டிய ஒன்றும் உண்டு. உற்றுப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம், அதே மூன்று சக்கரம். ஒரே மாவில் இட்லி, தோசை, ஊத்தப்பம் வார்த்துவிட்டு ஓட்டல்காரன்கூட இவ்வளவு அலட்டிக்கொள்ள மாட்டான். மிதவை கட்டியதன் படத்தைப் பெரிதாக்கி மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் மாட்டினார். தருவித்ததென்னவோ மூத்தவனைத்தான்.

வாங்க யோசிப்பவர்கள் வீட்டுக்கு வருவார்கள். அடையாறில் தோட்டம் வைத்த வீட்டுக்காரர்கள், தி.நகர் கடைக்காரர்கள், பிள்ளை அமெரிக்காவில் இருப்பதால் பொழுது போகாத பெரிய மனிதர்கள். யாரும் வாங்க மாட்டார்கள். காப்பி மட்டும் நன்றாக இருந்தது என்பார்கள். அவர்களுக்கு விளக்க அத்திம்பேர் கண்டுபிடித்த உத்தி, கூடத்து ஊஞ்சல். பலகையின் ஒரு முனையில் குதிரை ஏறுவது போல் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்வார். மடித்துணி உலர்த்துகிற மடிக்கோலை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொள்வார். பிறகு அடுக்களையைப் பார்த்துக் குரல் கொடுப்பார். “ஏய், பின் சீட்டு!”

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவருக்குப் பின்னால் புடவையோடு ஒருக்களித்து உட்கார்வாள். விற்பனை முடியும்வரை அவள்தான் பயணி. அவர் இடப்பக்கம் சாய்ந்தால் அவளும் சாய வேண்டும். நான் அப்போது அந்த வீட்டில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். இந்தக் கூத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அக்காவுக்கு அப்படி இல்லை என்பது ஒருநாள் தெரிந்தது. வந்தவர்கள் போன பிறகும் அவள் ஊஞ்சலை விட்டு இறங்கவில்லை.

“ஒரே ஒரு தடவை நெஜமாவே ஏறிப் பாத்துடணும்டி. மேலேர்ந்து சமுத்திரம் எப்படி இருக்கும்?” என்றாள்.

அவள் கல்யாணத்துக்குப் பிறகு தனக்கென்று எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அத்திம்பேரிடமும் கேட்டாள். அவர் சிரித்தார். “புடவையைக் கட்டிண்டு அதுல ஏற முடியாது. பின்னாடி விசிறி சுத்தறது. முந்தானை போச்சுன்னா நீயும் போயிடுவே.” சொன்ன காரணம் சரிதான். சரியான காரணம் கிடைத்ததில் அவருக்கு இருந்த சந்தோஷம்தான் சகிக்கவில்லை.

அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு பாண்டி பஜாருக்குப் போய் சுடிதார் தைக்கக் கொடுத்தாள். தலைமுடியில் நரை எட்டிப் பார்க்கிற வயதில், மயிலாப்பூரில், அது சின்ன விஷயமில்லை. தெருவில் நான்கு மாமிகளாவது நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். பிடித்துக்கொள்ளட்டும் என்றேன்.

கேளம்பாக்கம் தாண்டி உப்பளங்களுக்கு அருகே ஒரு பொட்டல்வெளியில் வெள்ளோட்டம் ஏற்பாடாயிற்று. புதுச் சுடிதாரில் அக்காவும், அவளோடு நானும் போனோம். ஓட்டிக் காட்ட பெங்களூரிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்திருந்தார். வாங்கப்போகிறவர் என்று சொல்லப்பட்டவர் தி.நகரில் ஜவுளிக்கடை வைத்தவர். கடைப் பெயர் எழுதிய துணியைக் கட்டிக் கடற்கரைமேல் பறக்கவிட வேண்டும் என்பது அவருடைய உயர்ந்த லட்சியம். விடிந்ததும் காற்று அசையாமல் இருந்தது. இந்த வண்டிக்கு அதுதான் வேளை, உடனே கிளம்பலாம் என்றார் பயிற்சியாளர். அத்திம்பேர் கையைத் தூக்கினார். வியாழக்கிழமை, ஏழரை வரை எமகண்டம்.

ஆகவே விமானத்தைச் சுற்றி உட்கார்ந்து எமகண்டம் கழியக் காத்திருந்தோம். அந்த நேரத்தில் அவர் பூஜை நடத்தினார். இறக்கைத் துணியில் சந்தனம் குங்குமம். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். முன்னால் ஒரு மாலை, பின்னால் ஒரு மாலை, நடுவே கோயிலிலிருந்து சுவாமிக்குச் சாத்தி வாங்கிவந்த சம்பங்கி மாலை. ஸ்கூட்டருக்கு என்ன செய்வாரோ அதையே இதற்கும் செய்தார். அதற்குள் கடல்காற்று எழுந்துவிட்டது.

பயிற்சியாளர் எல்லாவற்றையும் கழற்ற வைத்தார். “சார், விசிறி பின்னாடி இருக்கு. வண்டியில இருந்து எது நழுவினாலும் நேரா அதுக்குள்ளதான் போகும். பூ, துணி, பேனா, ஒண்ணும் கூடாது. காத்து வேற ஏறுது. ஒரே ஒரு ரவுண்டுதான் போக முடியும்.”

அந்த ஒரு ரவுண்டு யாருக்கு என்பதுதான் கேள்வி. ஜவுளிக்கடைக்காரர் வண்டியை ஒருமுறை சுற்றி வந்து, சக்கரத்தைக் காலால் உதைத்துப் பார்த்து, “நமக்கு இது சரிப்படாது சாமி. வீட்ல சொல்லிட்டு வரல” என்றார். பின்னால் யாராவது உட்கார்ந்தால்தானே இரண்டு பேர் போகிற வண்டி என்று காட்ட முடியும் என்றார் பயிற்சியாளர். எல்லோரும் அத்திம்பேரைப் பார்த்தோம். அவர் வயிற்றைத் தடவினார். “எனக்குக் காத்தாலேர்ந்து வயிறு சரியில்லை.” அந்தக் கணத்தில்தான் எனக்கு உறைத்தது. இந்த மனிதர் ஒருநாளும் அதில் ஏறியதில்லை. ஊஞ்சலைத் தாண்டிப் பறந்ததே இல்லை.

“நான் ஏறிக்கறேன்” என்றாள் அக்கா.

துப்பட்டாவை எடுத்து மடித்து என் கையில் கொடுத்தாள். பின்னலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள். தலைக்கவசம் மாட்டியபோது அவள் முகத்தைப் பார்த்தேன். பெண் பார்த்த அன்றும், முதல் பிள்ளை பிறந்த அன்றும்கூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது. பயிற்சியாளர் முன்னால் ஏறி அமர்ந்தார். அத்திம்பேர் அக்காவின் பெல்ட்டைச் சரிபார்க்கிற பாவனையில் பின்பக்கம் போய்க் குனிந்துவிட்டு நகர்ந்துகொண்டார். வண்டி பொட்டலின் கோடிக்கு உருண்டு போய்த் திரும்பி, முழு வேகத்தில் உறுமியது. அப்போதுதான் பார்த்தேன். அவள் இருக்கைக்குப் பின்னால் சம்பங்கி மாலை ஆடிக்கொண்டிருந்தது. கத்தினேன். எஞ்சின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

வெடித்தது போல் ஒரு சத்தம். பூ சிதறியது, கூடவே மரச்சிலாம்பும். வண்டி தரையிலேயே நின்றுவிட்டது. நல்லவேளை, ஒருவருக்கும் அடியில்லை. பயிற்சியாளர் இறங்கி, விசிறியின் ஒரு முனை பிளந்திருந்ததைப் பார்த்துக் கன்னடத்தில் என்னவோ சொன்னார். புரியாவிட்டாலும் எனக்கு முழுச் சம்மதம். அத்திம்பேர் ஓடிவந்தார். பெண்டாட்டிக்கு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.

“துப்பட்டாவை ஒழுங்காக் கட்டிக்கோன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?”

“பொம்பளைங்கள ஏத்தினா இப்படித்தான் சாமி” என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

“துப்பட்டா என் கையில இருக்கு, அத்திம்பேர்” என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார். “அது வேற துப்பட்டா” என்றார்.

பயிற்சியாளர் விசிறியின் அச்சில் சுற்றியிருந்த வாழைநாரைப் பிரித்தெடுத்து, சுவாமி மாலையின் அந்த மிச்சத்தை மரியாதையாக அத்திம்பேரின் சட்டைப்பையில் வைத்துவிட்டு பெங்களூர் போய்ச் சேர்ந்தார். புது விசிறி வரவே இல்லை. வண்டி கொட்டகையில் கிடந்து துரு ஏறி எங்கோ போயிற்று. அக்கா பெல்ட்டைத் தானே அவிழ்த்து இறங்கினாள். சுடிதாரை அதன்பின் போடவே இல்லை.

அத்திம்பேருக்கோ நல்ல கதை கிடைத்துவிட்டது. கல்யாணம், சீமந்தம், சபா கச்சேரி இடைவேளை என்று எங்கே நாலு பேர் கூடினாலும் சொன்னார். ‘இவ துப்பட்டாவால என் கம்பெனியே போச்சு.’ எங்கள் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே, படித்தவர்கள், வாத்தியார்கள், ஆடிட்டர்கள், ஒருவராவது ஒரு கேள்வி கேட்க வேண்டுமே. ஹோ ஹோ என்று சிரித்தார்கள். நான் மறுத்தால், மச்சினிக்கு வாய் ஜாஸ்தி என்றார்கள்.

தொண்ணூறுகள் முடிகிற சமயம் அவருக்கு அறுபதாம் கல்யாணம். சாப்பாடு முடிந்து எல்லோரும் மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் சாய்ந்திருந்தார்கள். கழுத்தில் மாலையோடு அத்திம்பேர் ஊஞ்சலில் கால் போட்டு ஏறி, மடிக்கோலைப் பிடித்து, கதையைத் தொடங்கினார். துப்பட்டா வரும் இடத்தில் வழக்கம்போல் குரல் கொடுத்தார். “ஏய், பின் சீட்டு!”

அக்கா வந்தாள். மடிசாரில் இருந்தாள். கால் போட்டு உட்காரத் தடையில்லாத கட்டு அது. அவர் கழுத்து மாலையை மெதுவாகக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

“இதையும் நீயே வெச்சுக்கோ. அன்னிக்கு மாலையை அவர் மாட்டினப்போ என் துப்பட்டாவை நீதானே வெச்சுண்டிருந்தே?”

சிரிப்பு நின்றது. “துப்பட்டா உன்கிட்டயா இருந்தது?” என்று பெரியம்மா கேட்டாள்.

“என்கிட்டதான் இருந்தது” என்றேன். முதல் தடவையாக எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள்.

அக்கா அவர் கையிலிருந்து மடிக்கோலை வாங்கினாள். “பின்னாடி நகருங்கோ” என்றாள். அவர் நகர்ந்தார். முன்னால் கால் போட்டு உட்கார்ந்து, கோலை மார்புக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு, தரையை உந்தினாள்.