இறுக்கிப் பிடித்த வஞ்சிரம்

கயாக் என்கிற ஒற்றையாள் துடுப்புப் படகில் மீன் பிடிக்கும் வீடியோக்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும். ஒவ்வொருவனும் மீனைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறான். எத்தனை முறை தண்ணீரில் விழுந்தான் என்று எவனும் காட்டுவதில்லை. அதை நம்பித்தான் நானும் கடலுக்குப் போனேன்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டர். வீடு அண்ணனூரில். எங்கள் பட்டறையில் ஒரு நட்டு தளர்வாக இருந்தால் அது அவமானம். கையில் எது கிடைத்தாலும் இறுக்குவேன். வீட்டுக் குழாயை இறுக்கியே இரண்டு முறை உடைத்திருக்கிறேன். அந்தக் கையோடுதான் தூண்டில் கம்பின் ரீலையும் தொட்டேன்.

ரீலில் ஒரு திருகு உண்டு. அதைத் தளர்த்தினால் மீன் இழுக்கும்போது நரம்பு, அதாவது தூண்டில் நூல், அவிழ்ந்து ஓடும். இறுக்கினால் ஓடாது. ஓடாமல் இருப்பதுதான் நல்லது என்று நினைத்து முழுக்க இறுக்கிவிட்டு, பழவேற்காட்டில் மஞ்சள் கயாக்கைத் தள்ளிக்கொண்டு போனேன். நரம்பு அறாது, திருகு அசையாது. அப்படியானால் மீன் எதை இழுக்கும்? என்னைத்தான் இழுத்தது. பக்கவாட்டில் ஒரே இழுப்பு. படகு கவிழ்ந்தது. கம்பு போனது. சுவரேறிக் குதிக்கிறவன் மாதிரி படகின் மேல் ஏறப் பார்த்தேன். அது திரும்பத் திரும்ப என் தலைமேலேயே புரண்டது. கடைசியில் அதைக் கட்டிப்பிடித்து மிதந்தேன். மிதவைச் சட்டை போட்டிருந்ததால் இதை எழுதுகிறேன்.

ஒரு ஃபைபர் படகு வந்தது. அதிலிருந்தவர் என்னைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கேட்டார்: "இன்னா நைனா, சோப்பு டப்பா மேல குந்திகினு வஞ்சிரம் புடிக்க வந்தியா?"

என் கயாக்கையும் பின்னால் கட்டிக் கரைக்கு இழுத்து வந்தார்.

என் மனைவி துணி ஏற்றுமதி கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறாள். தையல் ஒரு நூல் விலகினால் தூக்கிப் போட்டுவிடுவாள். அன்று அவள் கத்தவில்லை. சோறு போட்டுவிட்டுச் சொன்னாள்: "நீ உழுந்தா நீயே ஏறணும். என் கண்ணு முன்னால பத்து தபா ஏறிக் காட்டு. அதுக்கப்புறம் கடலுக்குப் போ. இல்ல, அந்த டப்பாவ நானே வித்துடுவேன்."

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னதில் தப்பு எங்கே என்று தேடினேன். கிடைக்கவில்லை. கோபம் இன்னும் கூடியது.

வேப்பம்பட்டுப் பக்கம் ஒரு ஏரி. ஞாயிற்றுக்கிழமைகளில் கயாக்கைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவோம். அவள் கரையில் உட்கார்ந்து எண்ணுவாள். நான் வேண்டுமென்றே விழுவேன். ஏறுவதில் பலம் ஒன்றுமில்லை என்பது அங்கேதான் புரிந்தது. முதலில் காலை உதைத்து உடம்பைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு எட்ட இருக்கும் விளிம்பைப் பிடித்து வயிற்றால் வழுக்கி ஏற வேண்டும். குப்புறப் படுத்து மூச்சு வாங்கிவிட்டு, மெல்லத் திரும்பி உட்கார வேண்டும். ஏழு முறை ஏறியதும் எட்டாவதில் சறுக்கினேன்.

"மொதல்லேர்ந்து ஆரம்பி," என்றாள்.

"ஏழு போட்டுட்டேனே."

"ஏழு இன்னா, பத்தா? இறங்கு."

மூன்றாவது ஞாயிறு பத்து முடிந்தது.

திருகுக்குப் பாடம் எங்கள் தெருவில். நரம்பு தாங்கும் எடையில் கால்வாசி இழுத்தாலே ஓட வேண்டும் என்பது கணக்கு. மூட்டை நிறுக்கும் தொங்கு தராசைப் புதிதாக வாங்கிய கம்பின் நரம்பில் மாட்டி அளந்து வைத்தேன். பிறகு நரம்பை மச்சானின் மொபெட்டில் கட்டினோம். மச்சான் என் மனைவியின் தம்பி. வண்டியைக் கிளப்பினான். திருகை இறுக்கப் போன கையை நான் மடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். நரம்பு கிர்ரென்று ஓடியது.

எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்டார்: "இன்னா மாமே, வண்டி மாட்டிகிச்சா? கொழம்பா, வறுவலா?"

"வறுவல்தான் அண்ணாத்தே, பெட்ரோல் வாசன போறதுக்கு," என்றான் மச்சான்.

மறுபடி பழவேற்காடு போனபோது மனைவியும் மச்சானும் கூட வந்தார்கள். விடிந்ததும் அலையைத் தாண்டினேன். உயிருள்ள கானாங்கெளுத்தி ஒன்றை மூக்கில் ஒரு முள், வாலருகில் ஒரு முள் என்று மாட்டினேன். வஞ்சிரம் வாலைத்தான் முதலில் வெட்டும். அதன் பல்லுக்கு நரம்பு நிற்காது, கடைசி ஒரு முழம் இரும்புக் கம்பி. கம்பையும் துடுப்பையும் கொக்கியையும் படகோடு கயிற்றால் கட்டியிருந்தேன். மெதுவாகத் துடுப்புப் போட்டேன். இரை பின்னால் வந்தது.

வஞ்சிரம் அடித்தது. நரம்பு ஓடியது. கை திருகுக்குப் போனது, இழுத்துக்கொண்டேன். ஓடட்டும். படகின் மூக்கை மீன் பக்கமே வைத்துக்கொண்டேன், அது என்னை இழுத்துக்கொண்டு போனது. நல்லவேளை, கரைப்பக்கமாக. அது களைக்கக் களைக்க நான் ரீலைச் சுற்றினேன். வெள்ளிப் பாளம் மாதிரிப் பக்கத்தில் வந்தது. மீனைக் குத்தித் தூக்கும் கொக்கியை நீட்டினேன். ஆசையில் தலையையும் சேர்த்து நீட்டினேன்.

விழுந்தேன்.

கரையில் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சான் பிறகு சொன்னான், அக்கா செருப்பைக் கூடக் கழற்றாமல் இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கிவிட்டாளாம். எனக்கு அது தெரியாது. காலை உதைத்தேன். விளிம்பைப் பிடித்தேன். வயிறு ஏறியது. குப்புறக் கிடந்து மூச்சு விட்டேன். உட்கார்ந்தேன். கயிற்றைப் பிடித்து இழுத்தால் கம்பு வந்தது. கம்பில் மீன் இருந்தது. தளர்வாக விட்டதால் அது படகைப் புரட்டாமல் நரம்பை மட்டும் கொண்டுபோயிருந்தது. இந்த முறை இடுப்பைப் படகின் நடுவிலேயே வைத்து, கையை மட்டும் நீட்டிக் கொக்கி போட்டேன்.

கரைக்கு வந்தேன். மச்சான் மீனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மாமா, எங்க ஆத்தா நம்பாது, நாலு போட்டோ எடுத்துக்கலாம்," என்றான். அவள் மீனைப் பார்க்கவில்லை. புடவை முழுக்க நனைந்திருந்தது. என் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். பிறகு கடலைப் பார்த்தாள்.

"காத்து எழும்ப இன்னும் ஒரு மணி நேரம் கீது," என்றாள். "போறதுன்னா போய்ட்டு வா."

என்னால் தோளைத் தூக்க முடியவில்லை. இன்றைக்குப் போதும் என்றேன். அவள் துடுப்பை வாங்கி, அதில் ஒட்டியிருந்த மணலைக் கழுவ ஆரம்பித்தாள்.