மருந்துக் கடைக்காரன் வீட்டு மாத்திரை

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். சளிக்கு, சுகருக்கு, பிரஷருக்கு என்று நாள் முழுக்க மாத்திரை அட்டைகளைக் கத்தரித்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. மருந்தைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்து நிற்கிறவர்களை நான் சும்மா விடுவதில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்ததை எழுதிக் கொடுத்தபடி சாப்பிட வேண்டும், நம் இஷ்டத்துக்கு நிறுத்தக் கூடாது என்று கவுண்டரில் கையூன்றி ஒரு சொற்பொழிவே நடத்துவேன். அப்படிப்பட்ட நான், என் சொந்த மகளுக்கு ஒரு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தபோது நடந்துகொண்ட விதத்தை என் வாடிக்கையாளர்கள் யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கடை மாறியிருப்பார்கள்.

மகள் அப்போது ஆறாம் வகுப்பு. அவளுடைய வகுப்பு டீச்சர் எங்களை வரச் சொல்லி, கணக்குப் பரீட்சைத் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். முதல் பக்கத்தில் எல்லாம் சரி. இரண்டாம் பக்கத்தில் ஒரு கணக்கு பாதியில் நின்றிருந்தது. அதற்குக் கீழே வகுப்பறை மின்விசிறியின் படம். இறக்கையில் ஒட்டியிருந்த தூசியைக்கூட விடாமல் வரைந்திருந்தாள். அதற்கப்புறம் எல்லாப் பக்கமும் வெள்ளை.

"கெட்டிக்காரிதான் சார். ஆனா கிளாஸ்ல உக்காந்திருக்கிறது அவ உடம்பு மட்டும்தான்" என்றார் டீச்சர்.

மின்விசிறி தத்ரூபமாக இருக்கிறது என்று நான் சொன்னேன். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

மனைவி அரியலூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் டீச்சர். தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். இந்த மாதிரிப் பிள்ளைகளை வகுப்பில் பார்த்துப் பழகியவள். வீட்டிலும் ஒன்று வளர்வதாக ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். டிபன் பாக்ஸ் வேனிலேயே போய்விடும். ஒரு நாள் ஒற்றைக் காலில் ஷூவோடு வந்து இறங்கினாள், இன்னொன்று எங்கே என்று அவளுக்கே தெரியவில்லை. குளிக்கப் போனவள் பக்கெட்டில் தண்ணீர் விழுவதைப் பார்த்தபடி நின்றுவிடுவாள், பள்ளிக்கூட வேன் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். நான் இதற்கெல்லாம் வயசானா சரியாயிடும் என்று ஒரே பதிலை வைத்திருந்தேன்.

அந்தப் பரீட்சைத் தாளுக்கப்புறம் மனைவி என்னைக் கேட்கவில்லை. திருச்சியில் குழந்தைகள் மனநல டாக்டர் ஒருவரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டு, கடையை அரை நாள் மூடச் சொன்னாள்.

டாக்டர் ஒரு பெண்மணி. மகளோடு தனியாகப் பேசினார், எங்களைக் குடைந்து குடைந்து கேட்டார், பள்ளிக்கூடத்திலிருந்தும் விவரம் கேட்டு வாங்கினார். அடுத்த தடவை போனபோது, இது சோம்பேறித்தனமும் இல்லை, திமிரும் இல்லை, கவனத்தை ஓர் இடத்தில் நிறுத்தி வைப்பது அவளுக்கு நிஜமாகவே கஷ்டம் என்றார். வகுப்பில் முன்வரிசையில் உட்கார வைக்கச் சொன்னார். வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். கூடவே ஒரு மாத்திரையையும் சொன்னார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மருந்துத் துறையில் இருக்கிறவன் என்று ஆரம்பித்து, வளர்கிற பிள்ளை, மூளை, பழக்கமாகிவிடுவது, பக்கவிளைவு என்று எனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் கலந்து பேசினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பசி குறையலாம், தூக்கம் குறையலாம், எடையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், ஒத்துவராவிட்டால் நிறுத்திவிடலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். அப்புறம் மெதுவாக, "உங்க கடையில ஞாபகசக்தி டானிக் விக்கிறீங்களா சார்?" என்று கேட்டார்.

பரீட்சை நேரத்தில் நன்றாகப் போகும் என்றேன்.

"கேக்குதா?"

"தித்திப்பா இருக்கும்" என்றேன். மகள் சிரித்துவிட்டாள்.

அவசரமில்லை, யோசித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார். பஸ்ஸில் வரும்போதே மனைவியிடம் அறிவித்தேன். மாத்திரை கிடையாது. மகளை நானே சரிசெய்யப் போகிறேன்.

சரிசெய்தேன். சுவரில் கலர் கலராக ஒரு டைம்டேபிள் ஒட்டினேன். நான் கடையிலிருந்து நேரத்துக்கு வராததால் அது முதல் வாரத்திலேயே செத்துப்போனது. யாரோ சொன்னார்கள் என்று வல்லாரைத் துவையல் தினமும் செய்யச் சொன்னேன். மகள் தொடவில்லை, நான்தான் தின்றேன். ஸ்வீட்டை நிறுத்தினேன், டிவியை நிறுத்தினேன். டிவி இல்லாத ராத்திரிகளில் என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தது நான்தான். படிக்கும்போது பக்கத்தில் உட்கார்வேன். போன் வரும், சரக்குக்காரனிடம் பேசுவேன், திரும்பிப் பார்த்தால் அவள் ரப்பரை வெட்டி ஒரு வீடு கட்டியிருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருமழபாடிக் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். அவள் ஒரு தூணில் இருந்த சிற்பத்துக்கு எதிரே உட்கார்ந்து, நாங்கள் சாமி கும்பிட்டு, பிரகாரம் சுற்றி, பிரசாதம் தின்று முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பார்த்தாயா, கவனமே இல்லை என்றார்களே என்று மனைவியிடம் பெருமையடித்தேன். "புடிச்சதுல எல்லாரும் உக்காருவாங்க. புடிக்காததுல உக்காரத்தான் அவளால முடியல. நம்ம ரெண்டு பேராலயும் முடியுது, அவ்வளவுதான்" என்றாள் மனைவி. கொள்ளிடக் கரைக் காற்று நன்றாக இருக்கிறது என்று நான் பேச்சை மாற்றினேன்.

இந்தச் சமயத்தில்தான் ஒரு மத்தியானம் லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஓர் அம்மா கடைக்கு வந்தார். வீட்டுக்காரர் வெளிநாட்டில், மகனை அவர் ஒருத்தராக வளர்க்கிறார். அவர் நீட்டிய சீட்டில் இருந்தது அதே மாத்திரை. திருச்சிக்கு அலைய முடியவில்லை, இங்கே வரவழைத்துத் தர முடியுமா என்று கேட்டார். அது எல்லாக் கடையிலும் வைக்கிற மருந்தில்லை, என்னிடம் இல்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் போதும். நான் கவுண்டரில் கையூன்றினேன். சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு, அன்பாகப் பார்த்துக்கொண்டால் தானாகச் சரியாகும் என்று வழக்கமான குரலில் ஆரம்பித்தேன். வேறு எந்த மருந்துக்கும் நான் நடத்தும் சொற்பொழிவுக்கு நேர் எதிரானது.

நான் முடிக்கும் வரை அவர் காத்திருந்தார். "அண்ணே, எம் புள்ள கைய உதறிட்டு ரோட்டுல ஓடுவான். சிமெண்ட் லாரிக்கு முன்னாடி ரெண்டு தடவ போயிட்டான், அல்லாஹ் காப்பாத்துனான். இப்பதான் எங்கூட நடந்து வரான். மருந்து இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

இல்லைம்மா என்றேன். சீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு மிச்ச நேரம் முழுக்க நான் யாருக்கும் எந்த அறிவுரையும் சொல்லவில்லை. கடைப் பையன் எனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டான்.

வீட்டில் இதை மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மகள் அடுத்த அறையில் இருக்கிறாள், எதுவும் அவள் காதில் விழாது என்பது எங்கள் நம்பிக்கை. அவள் எழுந்து வந்து கதவோரம் நின்றாள்.

"நான் வேணும்னு பண்ணலப்பா" என்றாள். "மிஸ் பேசுறது பக்கத்து வூட்டு டிவி மாதிரி கேக்குது. சத்தம் வருது, என்னன்னு புரியல. நானும் காதத் தீட்டிக்கிட்டுதான் உக்காந்திருக்கேன். அந்த மாத்திரை போட்டா கேக்குமா?"

எத்தனையோ பேர் கேட்கிற எத்தனையோ கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். இவளிடம், தெரியலம்மா, போட்டுப் பாக்கலாமா என்று கேட்டேன். அவள் சரி என்றாள். இத்தனை மாதமாக நான் அவளைத் தவிர எல்லோரிடமும் விவாதித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுபடி திருச்சிக்குப் போய் டாக்டரிடம் எழுதி வாங்கிவந்தோம். மாத்திரை போட்ட முதல் நாள் விடுமுறை நாள். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று பக்கத்திலிருந்து பார்க்க வசதியாக இருக்கும் என்று அப்படி ஆரம்பித்தோம். நான் கடைக்கே போகவில்லை. தலை வலிக்குதா, படபடன்னு இருக்கா, வயிறு எப்படி இருக்கு என்று நிழல்போலத் திரிந்தேன். அவள் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கி, "நீங்க பேசாம இருந்தா முடிச்சிருவேன்ப்பா" என்றாள். மனைவி என்னைக் கடைக்குத் துரத்தினாள்.

டாக்டர் சொன்னபடியே பசி குறைந்தது. மத்தியானச் சாப்பாடு டிபன் பாக்ஸில் அப்படியே திரும்பி வந்தது. சாயங்காலம் கடைக்கு வரச் சொல்லி, வாடிக்கையாளர்களுக்காக வைத்திருக்கும் எடை மெஷினில் தினமும் ஏற்றினேன். எடையைவிட எனக்குப் பெரிய பயம் வேறு. அவள் பேச்சு குறைந்திருந்தது. ஸ்கூலிலிருந்து வந்ததும் மூச்சுவிடாமல் சம்பந்தா சம்பந்தமில்லாமல் பேசுகிற பிள்ளை, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். என் மகளை எடுத்துக்கொண்டு வேறு யாரையோ கொடுத்துவிட்டார்கள் என்று டாக்டருக்குப் போன் செய்தேன். அழுதேன் என்று மனைவி சொல்கிறாள். எனக்குச் சளி பிடித்திருந்தது.

டாக்டர் கோபப்படவில்லை. இதைச் சொன்னது நல்லதுதான் என்றார். அளவைக் குறைத்தார். காலையில் வயிறாரச் சாப்பிட்ட பிறகு மாத்திரை, ராத்திரி கொஞ்சம் கூடுதலாகச் சாப்பாடு என்று மாற்றினார். கொஞ்ச நாளில் பேச்சு திரும்பி வந்தது, நல்ல வட்டியோடு.

அவள் ஒன்றும் முதல் ரேங்க் எடுத்துவிடவில்லை. பரீட்சைத் தாளின் கடைசிப் பக்கம் வரை எழுதுகிறாள், அதில் தப்பும் இருக்கிறது. மாத்திரை பாடம் நடத்துவதில்லை, பாடத்துக்குப் பக்கத்தில் உட்கார வைக்கிறது. படிக்கிற வழக்கத்தை அவள் அம்மாவோடு உட்கார்ந்து இன்னமும் கற்றுக்கொள்கிறாள். மிஸ் பேசுவது இப்போது கேட்கிறதா என்று ஒரு நாள் கேட்டேன்.

"கேக்குதுப்பா. ஆனா சொன்னதையேதான் திரும்பத் திரும்பச் சொல்றாங்க."

விக்கிரமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது என் மச்சான் பந்தியில் சத்தமாகவே கேட்டார், புள்ளைக்கு மூளை மாத்திரை குடுக்கிறீங்களாமே என்று. அக்கம்பக்கத்து இலைகளில் கை நின்றது. நான் அவருக்கு அறிவியல் விளக்கம் தயாரித்துக்கொண்டிருந்தபோது, மகள் எட்டிப் பார்த்து, ஆமா மாமா, உங்களுக்கு பிரஷர் மாத்திரை எங்கப்பாதானே குடுக்குறாரு என்றாள். மச்சான் ரசம் ஊற்றச் சொன்னார்.

கோடை லீவுக்கு முன்னால் டாக்டரிடம் போனபோது, லீவில் நிறுத்திப் பார்க்கலாமா என்று அவர் மகளிடமே கேட்டார். அவள் யோசித்துவிட்டு, லீவில் கவனிக்க வேண்டியது எதுவும் இல்லை என்றாள். நிறுத்தினோம். அந்த லீவு முழுக்க அவள் செருப்பைத் தொலைத்தாள், குடையைத் தொலைத்தாள், சுவரில் ஒரு பெரிய மரம் வரைந்தாள். ஸ்கூல் திறந்ததும் மறுபடி ஆரம்பித்தாள்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இது வேண்டுமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இந்த ஒருத்தி விஷயத்திலேயே எனக்கு இன்னும் முழு நிச்சயம் வரவில்லை. காலையில் இட்லி முடிந்ததும் மாத்திரையை எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஒவ்வொரு நாளும் அட்டையிலிருந்து பிதுக்கிக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் நிற்கிறேன். அவள் ஒரு கையில் தண்ணீர் டம்ளரோடு இன்னொரு கையை நீட்டுகிறாள்.

"சீக்கிரம் குடுங்கப்பா, வேன் வந்துரும்."

கொடுத்துவிடுகிறேன்.