காத்தாடப் போன மனுஷன்

என் வீட்டுக்காரர் செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை பார்த்தார். வேலை விட்டதும் தேவனாம்பட்டினம் கடற்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வீடு திரும்புவார். கேட்டால், "காத்தாடப் போனேன்" என்பார். சுனாமிக்குப் பிறகு எனக்குக் கடல் என்றாலே ஆகாது. ஒருநாள் விருந்தாளிகள் முன்னாலேயே, "ஏன், வீட்ல ஃபேன் காத்து பத்தலியா? பொண்டாட்டி மூஞ்சியப் பாக்கப் புடிக்கலியா?" என்று கேட்டுவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாளிலிருந்து நேராக வீட்டுக்கே வந்தார். ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். ஆனால் சாம்பாரில் உப்புக் குறைந்தால் தட்டு பறந்தது. அவர் வண்டிச் சத்தம் கேட்டாலே மகள் உள்ளே ஓடினாள். அவருக்குப் பிரஷர் ஏறியிருக்கிறது என்றார் டாக்டர்.

அந்தச் சமயத்தில்தான் மீன் விற்க வந்த தேவனாம்பட்டினத்து அண்ணன் விசாரித்தார். "என்ன தங்கச்சி, மச்சானக் கடக்கரப் பக்கம் காணுமே? சூப்பர்வைசர் திட்டுனத எல்லாம் கடலப் பாத்துத் திருப்பித் திட்டுவாரு. எங்க வூட்டையே அள்ளிட்டுப் போன கடலாச்சே, நானும் சேந்து திட்டுவேன். அப்புறம் சிரிச்சிக்கிட்டே கெளம்புவாரு."

அன்று சாயங்காலம் நானே, "காத்தாடப் போயிட்டு வாங்களேன்" என்றேன்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எதுக்கு? அதான் ஃபேன் இருக்கே."

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். நான் கொட்டிய சொல் இன்றும் எங்கள் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது.